கால் சுற்று

அன்று காலை போடி மலையடிவாரத்தில், லூர்துமேரியின் பட்டறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: லூர்துமேரி, ஜீப் டிரைவர் ஒச்சப்பன், டயருக்குக் காற்றடிக்க வந்த பால்காரர்.

பால்காரர் போனதும் இரண்டு பேர்.

“வண்டி என் பேச்சக் கேக்க மாட்டேங்குது, தாயி,” என்றார் ஒச்சப்பன்.

அவருக்கு அறுபத்தோரு வயது. அவளுக்கு முப்பத்தெட்டு. ஆனாலும் ஸ்டீரிங் சங்கதி என்றால், அந்த மலையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் அவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

நடந்ததைச் சொன்னார். ஏலக்காய்த் தோட்டப் பாதையில் பாறை அடிவயிற்றில் இடிக்கிறதே என்று, அச்சின் மேலிருக்கும் வில்பட்டைகளை மாற்றிப் பழைய ஜீப்பை மூன்று அங்குலம் உயர்த்தினார். அன்றிலிருந்து நேர்ச்சாலையிலும் வண்டி அலைந்தது. பத்து நாளைக்கு முன் பன்னிரண்டாம் வளைவில், வலப்பக்கம் ஒடிக்க ஒடிக்கத் திரும்பாமல், முன் சக்கரம் ஓரக்கல்லில் போய் முட்டி நின்றது. அந்தப் பக்கம் பள்ளம்.

பின்னால் ஒன்பது பெண்கள் இருந்தார்கள். பதினோரு வருஷமாக அவர் வண்டியில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். மறுநாள் ஒன்பது பேரும் வேறு வண்டியில் ஏறிவிட்டார்கள்.

இப்போது வெறும் வண்டியோடு மலை ஏறுகிறார். இறங்கும்போது மூட்டை கிடைக்கிறது. பேச்சு கிடைப்பதில்லை. வீட்டிலும் அவர் ஒருவர்தான்.

முன்பெல்லாம் நாலாம் வளைவில் அந்தப் பெண்களில் யாராவது ஒரு வெற்றிலையை முன்னால் நீட்டுவார்கள். அந்த இடம் வந்தால் அவருடைய இடது கை இன்னும் தானாகப் பின்னால் போகிறது.

லூர்துமேரி வண்டியில் ஏறி, சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுற்றி எண்ணினாள்.

“இடப்பக்கம் ஒண்ணேமுக்கால் சுத்து. வலப்பக்கம் ஒண்ணேகால். ஸ்டீரிங்கக் கழட்டி மாட்டுனீங்களா, அண்ணே?”

அவர் தரையைப் பார்த்தார். உயர்த்திய பிறகு, வண்டி நேராகப் போகும்போது ஸ்டீரிங் கால் சுற்று கோணி நின்றது. கோணலாக எதையும் பார்க்கப் பொறுக்காதவர் அவர். கழற்றி, நேராக வைத்து முடுக்கிவிட்டார்.

அவள் ஸ்பேனரை எடுத்து ஸ்டீரிங்கைக் கழற்றினாள். அவரை ஒரு பழைய டயர்மேல் உட்காரவைத்து, அதைக் கையில் கொடுத்தாள்.

“பிடிச்சுக்கங்க.”

பிடித்துக்கொண்டார்.

“நேரா இருக்கா?”

“இருக்கு.”

“வண்டி எங்க போகுது?”

அவர் கையிலிருந்த ஸ்டீரிங்கைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார்.

அவள் ஜீப்புக்கு அடியில் போய்விட்டாள். ஸ்டீரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி, வண்டி உயர்ந்ததில் சரிந்து, எட்டாமல் நின்றது. அதை நீட்டினாள். வண்டி அலையாமலிருக்க, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு இரும்பு ஆப்பு வைத்தாள். மதியம் ஆயிற்று. அதுவரை அவர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி டயர்மேல் உட்கார்ந்திருந்தார். சாலையில் போனவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

வெளியே வந்து, ஸ்டீரிங்கை வாங்கி மாட்டி, மறுபடி எண்ணினாள். இந்தப் பக்கம் ஒன்றரை. அந்தப் பக்கம் ஒன்றரை.

“இனி ஏறுவாங்களா, தாயி?”

“அன்னைக்கு வளைவுல அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“ஒண்ணுமில்ல, வண்டி நேராத்தான் இருக்குன்னேன்.”

அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். ஸ்டீரிங் போன பிறகும் அவை வட்டமாகவே மடங்கியிருந்தன.

மறுநாள் விடிந்ததும் ஒச்சப்பன் தன் வண்டியோடு ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குப் போனார். ஒன்பது பேரும் தூக்குவாளியோடு நின்றிருந்தார்கள். எதிரே போய் நின்றார். பெண்கள் பேசக் கேட்டே பழகியவர். தானாகப் பேச அவருக்கு வாய் வரவில்லை.

“அன்னைக்கு வண்டி வலப்பக்கம் திரும்பல. சரியாத் திரும்பாதுன்னு எனக்கு அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் உங்கள ஏத்துனேன்.”

அடுத்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

ஒன்பது பேரில், வண்டி முட்டிய அன்று கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்ட பேச்சியக்கா, சுற்றி வந்து, ஒச்சப்பனின் ஜீப்பில் ஏறித் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

“எடுங்க. வலப்பக்க வளைவு வந்தா வாயால சொல்லிட்டுத் திருப்புங்க.”

ஒச்சப்பன் கண்ணாடியில் பார்த்து எண்ணினார்.

காலி இடம் எட்டு.