குளத்தில் நுரை கலக்கிய கரடி

கரடி சடையன் பிறந்ததிலிருந்து குளித்ததே இல்லை. மழை வந்தால் குகைக்குள் ஓடிவிடுவான். தேனடையைப் பிய்த்துத் தின்பான், கையை மார்பில் துடைத்துக்கொள்வான். கறையான் புற்றைக் கிளறுவான், மண்ணெல்லாம் முதுகில் வந்து விழும். தேனும் மண்ணும் சேர்ந்து அவன் முடி கயிறு கயிறாய்த் தொங்கியது. அதில் ஒரு தரம் சுண்டைச்செடி முளைத்துக் காய்த்ததாகவும், காய் பறிக்கக் குரங்குகள் வரிசையில் நின்றதாகவும் ஆனைக்குன்றுக் காட்டில் இன்றும் சொல்கிறார்கள். நம்பாதவர்கள் குரங்குகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

காடே மூக்கைப் பொத்திக்கொண்டாலும் சடையனுக்கு உறைத்ததில்லை. ஒரு நாள் உறைத்தது.

அவன் தங்கச்சி செம்பி, தன் குட்டி உருண்டையைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே! நாளன்னிக்குப் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உட்கார வெச்சுத்தான் குத்தணும். மறந்துடாதே!"

"மறப்பேனா? வாடா என் மருமவனே, மாமன் மடியில உட்கார்ந்து பாரு!"

உருண்டை ஓரடி வைத்தது. மூக்கைச் சுளித்தது. அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"மாட்டேன்! மாமா நாறுது! மரத்து மேல உட்கார்ந்துக்கறேன், மாமா மடி வேணாம்!"

செம்பி குட்டியை ஒரு தட்டுத் தட்டினாள். "வாயைப் பாரு! சின்னப்பிள்ளை அண்ணே, மனசுல வெச்சுக்காதே" என்றாள். சொல்லும்போது அவளும் காற்று வரும் பக்கம் தள்ளித்தான் நின்றாள். சடையன் அதைப் பார்த்துவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னையே ஒரு முறை முகர்ந்து பார்த்தான். அவனுக்கே தும்மல் வந்தது.

நேரே முசு தாவுமுத்துவிடம் போனான். கருமுகக் குரங்கான தாவுமுத்துவுக்குத் தெரியாத ஊர்விஷயம் கிடையாது. ஓடைத்துறைக்கு மேலே மரத்தில் உட்கார்ந்துகொண்டு, மனிதர்கள் குளிப்பதையும் துவைப்பதையும் நாளெல்லாம் வேடிக்கை பார்ப்பதுதான் அவன் பிழைப்பு.

"தம்பி, நான் மணக்கணும்! அவசரம்!"

"யாரு, நீங்களா? சூரியன் இன்னிக்கு எந்தப் பக்கம் உதிச்சுது?"

"கிண்டல் பண்ணாதேடா. காதுகுத்து!"

தாவுமுத்து சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு சொன்னான். "பெரிய வித்தை ஒண்ணுமில்லே மாமா. பூந்திக்கொட்டையை உடைச்சுத் தோலை எடுங்க. சீயக்காய் கொஞ்சம், செம்பருத்தி இலை கொஞ்சம். கல்லுல வெச்சு நசுக்குங்க. ஒரு ராத்திரி தண்ணியில ஊறட்டும். மணத்துக்கு வெட்டிவேர். காலையில ஒரு குச்சியால அடிச்சா நுரை பொங்கும் பாருங்க, பாலு தோத்துடும்!"

"அவ்வளவுதானா?"

"ஒண்ணே ஒண்ணு. பாறைக்குழியில தண்ணி மொண்டு ஊத்தி, அதுல கலக்குங்க. குளத்துல மட்டும் கலக்காதீங்க. பூந்திக்கொட்டை மீனுக்கு ஆகாது. செவுளு அடைச்சுக்கும்."

"சரி சரி, தெரியும்!" என்றான் சடையன்.

தெரிந்துகொண்டுதான் செய்தான். அதுதான் இந்தக் கதையில் வெட்கக்கேடு.

பாறைக்குழியைப் போய்ப் பார்த்தான். அதில் அவன் ஒரு கால் மட்டும்தான் நுழைந்தது. மற்ற மூன்று காலையும் நாளைக்கு வந்தா கழுவுவது? திரும்பிக் குளத்தைப் பார்த்தான். கரை கொள்ளாமல் தளும்பிக்கொண்டிருந்தது. 'இவ்வளவு பெரிய குளம்! கொஞ்சம் நுரை என்ன செய்துவிடும்?' என்று நினைத்தான்.

கொஞ்சம் என்று நினைத்தானே தவிர, அவனுக்குக் கொஞ்சமாக எதையும் செய்யத் தெரியாது. கரடிக்கு மரத்தில் ஏறி உலுக்கித்தான் பழக்கம். உலுக்கிய உலுக்கில் பூந்திமரம் மொட்டையாயிற்று. சீயக்காய்க் கொடி முழுசாய் இறங்கி வந்தது. செம்பருத்தியில் இலை, பூ, கிளி எல்லாம் சேர்ந்து விழுந்தன. கிளி திட்டிக்கொண்டே பறந்து போயிற்று. எல்லாவற்றையும் குவித்து, ஒரு பாறாங்கல்லை மேலே உருட்டி நசுக்கி, மறுநாள் சாயங்காலம் அப்படியே குளத்துக்குள் தள்ளிவிட்டான்.

காதுகுத்து நாள் விடிந்தது. சடையன் கண்ணை மூடிக்கொண்டு குளத்தில் குதித்தான். கையால் அடித்தான், காலால் உதைத்தான். நுரை எழுந்தது. இடுப்புவரை வந்தது, தலைவரை வந்தது, கரையோரப் புளியமரத்தின் உச்சிக்கே போயிற்று! மேலே பறந்த ஒரு பருந்து, மேகம் தரையிறங்கிவிட்டது என்று பயந்து, இரண்டு மலை தாண்டிப் போய்த்தான் மூச்சு வாங்கியதாம்.

சடையன் பாட்டுப் பாடினான். பாடும்போது வாய்க்குள் போன நுரையை விழுங்கினான். முடியிலிருந்து அழுக்கு கறுப்பாய்க் கரைந்தோடியது. மணந்தான்!

அப்போது நுரைக்கு நடுவே சிவப்பாக ஏதோ மிதந்தது. 'செம்பருத்தி இதழ்' என்று கையில் எடுத்தான். இதழ் வாயைத் திறந்தது. மூடியது. மறுபடி திறக்கவில்லை.

அது விரால் குஞ்சு. அந்தக் குளத்து விராலம்மாவின் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரே பந்தாகத் திரியும். அம்மா பின்னாலேயே காவல் வருவாள். இப்போது அந்தப் பந்து உடைந்து, நுரை முழுவதும் சிதறிக் கிடந்தது.

சடையனின் பாட்டு நின்றது. குஞ்சைத் தண்ணீரில் விட்டான். அது மல்லாந்தது. இன்னொன்றைத் தொட்டான். அதுவும்.

கரையில் நீர்நாய் ஓடைராசு ஓடிவரும் சத்தம் கேட்டது. 'யாராவது பார்த்துவிட்டால்?' சடையன் சட்டென்று நுரைக்குள் தலையை இழுத்துக்கொண்டான்.

உள்ளே இருந்தபடியே பார்த்தான். ஓடைராசு துள்ளும் குஞ்சுகளை வாயில் கவ்விக்கவ்விக் கரையேற்றினான். மேட்டில் இருந்த நல்ல தண்ணீர் ஊற்றுக்குழியில் கொண்டுபோய் விட்டான். மூச்சு வாங்க வாங்க ஓடிவந்தான், மறுபடி கவ்வினான். அந்த நேரம் பார்த்து விராலம்மா நீருக்கு மேலே தலையைத் தூக்கினாள். வாயால் காற்றைக் குடிக்கத் தெரிந்தவள், அதனால் பிழைத்தாள். அவள் கண்ணில் பட்டது, நீர்நாயின் வாயில் தன் பிள்ளை!

"அய்யோ! என் பிள்ளைங்களைத் திங்கிறான்! ஓடி வாங்க!"

காடே கூடிவிட்டது. மான் வந்தது, பன்றி வந்தது. எல்லாரும் எதிர்த்துப் பேச அஞ்சும் ஆனைப் பெரியம்மாவும் வந்தாள்.

"தின்னலை பெரியம்மா! தண்ணி கெட்டுப்போச்சு. காப்பாத்தத்தான் தூக்கினேன். ஊத்துக்குழியில போய்ப் பாருங்க!" என்று கெஞ்சினான் ஓடைராசு.

பன்றி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுக் கத்தியது. "ஆமா, இருக்கு! அப்புறமாத் திங்கறதுக்குச் சேர்த்து வெச்சிருக்கான்! களவாணிப் பய, குளத்துல எதையோ கலக்கி மீனை மயக்கிட்டு, இப்ப நாடகம் போடறான்!"

"மீன் திங்கிறவன் மீனைக் காப்பாத்துவானா?" என்றது மான்.

ஆனைப் பெரியம்மா தும்பிக்கையைத் தரையில் ஓங்கி அடித்தாள். "வெயில் ஏறறதுக்குள்ள உன் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு இந்தக் காட்டை விட்டுப் போயிடு!"

நுரைக்குள் இருந்த சடையன் எல்லாவற்றையும் கேட்டான். 'நான்தான்' என்ற ஒரு சொல் போதும். அது நாக்கு நுனிவரை வந்தது. 'இன்று காதுகுத்து. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்' என்று அதை விழுங்கினான். கூட்டம் கலைந்ததும் பின்பக்கமாகக் கரையேறித் தங்கச்சி வீட்டுக்கு நடந்தான்.

வீட்டு வாசல் ஆலமரத்தடியில் அவனைக் கண்டதும் செம்பி வாயைப் பிளந்தாள். "எங்க அண்ணனா இது? தங்கமே!"

உருண்டை ஓடிவந்து முகர்ந்தது. "மாமா! பூ மாதிரி இருக்கே மாமா!" என்று தானே மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எந்தக் குட்டி மடியில் உட்கார வேண்டும் என்று இத்தனை பாடு பட்டானோ, அந்தக் குட்டி உட்கார்ந்துவிட்டது. ஆனால் சடையனுக்கு மடியில் நெருப்பை வைத்ததுபோல இருந்தது.

அந்த நேரம் அவனுக்கு விக்கல் வந்தது. "ஹிக்!" வாயிலிருந்து ஒரு நுரைக்குமிழி பறந்தது. "ஹிக்!" இன்னொன்று. விழுங்கிய நுரை உள்ளே சும்மா இருக்குமா?

"மாமா வாயிலேருந்து முத்து வருது!" என்று உருண்டை கைதட்டியது. விருந்தாளிகள் சிரித்தார்கள். சடையன் வாயைப் பொத்தினான். குமிழி காது வழியாக வந்தது.

பின்னால் வந்து நின்ற தாவுமுத்து அவன் காதில் கிசுகிசுத்தான். "குளமா, பாறைக்குழியா மாமா?"

சடையனின் கண் குளத்துப் பக்கம் போயிற்று.

"ஐயோ! சரி, வாயைத் திறக்காதீங்க. பழி அவன் மேல போயிடுச்சு. நானும் தப்பிச்சேன், நீங்களும் தப்பிச்சீங்க!"

காது குத்த வந்த முள்ளம்பன்றி, முதுகில் தடவித்தடவி நல்ல கூரான முள்ளாக ஒன்றை உருவினார். "குட்டியை இறுக்கிப் பிடிச்சுக்கங்க மாமா! ஆடிச்சுன்னா காது பிஞ்சுடும்!"

அப்போது அந்த வழியாக ஓடைராசு வந்தான். முதுகில் ஒரு பிள்ளை, வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று, பின்னால் அழுதுகொண்டே மனைவி. விருந்துக் கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஓடைராசு தூரத்திலேயே நின்றான்.

"செம்பியக்கா, நான் உள்ளே வரலை. பிள்ளை நல்லா இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போகத்தான் நின்னேன்."

"உன் வாயால வாழ்த்து வேற கேடா? பச்சைப் பிள்ளைங்களைக் கொன்ன பாவி!" என்றாள் செம்பி.

ஓடைராசு நடந்தான். முதுகில் இருந்த பிள்ளை மட்டும் திரும்பித் திரும்பிக் குளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டே போயிற்று.

உருண்டை மாமன் மார்பில் முகத்தைப் புதைத்தது. "இந்தக் காட்டுலேயே எங்க மாமாதான் நல்ல வாசம்!"

சடையனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அது வாசம் இல்லடா. இதுதான் குளத்தைக் கொன்னுது! டேய் ஓடைராசு, நில்லு! நான்தான்... ஹிக்! நான்தான் கலக்கினேன். வேணாம்னு சொல்லியும் கலக்கினேன். இவன் காப்பாத்தினதை நுரைக்குள்ள ஒளிஞ்சிருந்து பார்த்தேன். பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டேன்!"

முள்ளம்பன்றி எடுத்த முள்ளைத் திரும்ப முதுகிலேயே செருகிக்கொண்டார். தாவுமுத்து ஒரு கிளை மேலே ஏறினான், அப்புறம் இன்னொரு கிளை.

செம்பி எழுந்து வந்தாள். திட்டவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்காமல் இரண்டு கையையும் நீட்டினாள்.

"பிள்ளையைக் கொடு."

கொடுத்தான். மடி காலியாயிற்று. ஆயிரம் தேனீ ஒன்றாய்க் கொட்டியிருந்தாலும் அப்படி வலித்திருக்காது.

"தாய்மாமன் தலைகுனிஞ்சு உட்கார்ந்திருக்கிறப்போ காது குத்தறதில்லே. இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

சடையன் குளத்துக்கு ஓடினான். கரடிக்குத் தோண்டத் தெரியும், வேறென்ன தெரியும்? கீழ்க்கரையை உடைத்து நுரைத்தண்ணீரைப் புல்வெளியில் வடியவிட்டான். மேட்டில் ஓடும் ஓடையிலிருந்து குளம்வரைக்கும் நகத்தாலேயே வாய்க்கால் வெட்டினான். அவன் வெட்டிய வேகத்தில் தெறித்த மண்தான் இன்று குளத்துக்குத் தெற்கே நிற்கும் குன்று என்கிறார்கள். நகம் பிய்ந்தது. உடம்பெல்லாம் சேறாயிற்று. சேதி கேட்டு வந்த காடே, ஓடைராசுவோடு கரையில் நின்று பார்த்தது. ஆனைப் பெரியம்மா மட்டும் ஓடைராசுவைத் தும்பிக்கையால் தொட்டு, "தப்பு எங்க பேர்லேயும்தான் தம்பி" என்றாள். பன்றி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றது.

உடைத்த கரையை அவன் மறுபடி மண்ணால் அடைத்ததும் நல்ல தண்ணீர் வந்து நிறைந்தது. ஊற்றுக்குழியில் பிழைத்த குஞ்சுகளை ஓடைராசு ஒவ்வொன்றாக எடுத்துவந்து விட்டான். பந்தாய்த் திரிந்த கூட்டம் இப்போது ஒரு கைப்பிடிதான் இருந்தது.

விராலம்மா நீர்நாயிடம், "உன்னைப் போய்ச் சொன்னேனே ராசு" என்றாள். பிறகு சடையன் பக்கம் திரும்பினாள்.

சடையன் தண்ணீரோரம் மண்டியிட்டான். "ஆத்தா, என்னை மன்னிச்சிடு."

"போன பிள்ளைங்க வந்து சொல்லட்டும், மன்னிக்கிறேன்."

அவனுக்குத் தலை நிமிரவில்லை. போய்விடலாம் என்று எழுந்தான்.

"எங்கே போறே?" என்றாள் விராலம்மா. "அழுதுட்டு வீட்டுக்குப் போயிட்டா ஆச்சா? மேற்குக் கரையில நாரை வந்து நிக்குது, பாரு. நுரையில மயங்கின குஞ்சுங்களுக்கு இன்னும் ஓடத் தெம்பில்லே. போ! போய் அங்கே நில்லு!"

சடையன் நடந்தான். சேறும் சகதியுமாய் மேற்குக் கரையில் போய் நின்றான். நாரை அவனைப் பார்த்தது, இறக்கையை விரித்துப் பறந்தது. அவன் நகரவில்லை. குஞ்சுகள் நாரையின் தொண்டைக்கு அடங்காத அளவு வளரும்வரை அங்கேயேதான் நின்றான்.

உடம்பு அழுக்கு தண்ணீரில் போகும்; செய்த தவறோ, ஒளியாமல் ஒப்புக்கொண்டு அதற்கு ஈடாக உழைத்தால்தான் போகும்.