கல்கண்டு குடுக்காத சாயங்காலம்

போர்வையை இழுத்துக்கோ தாமரை, காலை உதைக்காதே. பெரியம்மா ஒரே ஒரு கதைதான் சொல்லுவேன். நடுவுல ம் கொட்டலைன்னா நிறுத்திப்புடுவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு குண்டு நட்சத்திரம் இருந்துச்சாம். எந்த ஊரா? பஸ்ஸு போகாத ஊரு, வானத்துக்கு அந்தக் கோடியில. தகதகன்னு எரிஞ்சுதாம், எரிஞ்சுதாம், எரியறதுக்கு ஒண்ணுமே மிச்சமில்லாம போச்சாம். அப்புறம் பொசுக்குனு தனக்குள்ளயே இடிஞ்சு விழுந்துச்சு. அங்க ஒரு கருந்துளை பொறந்துச்சு. கன்னங்கரேல்னு ஒரு குழந்தை! வெளிச்சத்தையே லபக்குனு முழுங்கிடும், அதனால யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனா பொறக்கும்போது மட்டும் வீல்னு ஒரு அழுகை. சத்தம் இல்லடி, ஒளியாலேயே அழுகை. காமா கதிர் வெடிப்புன்னு பேரு. கொஞ்ச நொடிதான், அப்புறம் கப்சிப்.

ம். அப்படித்தான் கொட்டணும்.

இங்க நம்ம பூமியில தில்லைநாயகின்னு ஒருத்தி. அந்த அழுகையைப் பிடிக்கிறதுதான் அவ உத்தியோகம். மேல ஒரு செயற்கைக்கோள் சுத்தும். வானத்துல காமா கதிர் அடிச்சா, இவ கம்ப்யூட்டர் டிங் டிங்னு கத்தும். அப்போ இவ, மலை மேல தொலைநோக்கியைப் பாத்துக்கிற ஆரோக்கியம் அண்ணனுக்குப் போன் போடணும். அவர் அதைக் கிர்ர்ர்னு திருப்பி, அந்த இடத்துல மிச்சமிருக்கிற வெளிச்சத்தைப் பாத்தாத்தான் பொறந்தது நிச்சயம். அதுவும் நிமிஷத்துக்கு நிமிஷம் மங்கிக்கிட்டே போயிடும்.

தில்லைநாயகி இருக்காளே, மகா அவசரக்குடுக்கை. குழந்தை பொறந்தா கல்கண்டு குடுப்போம்ல? டிங்னதுமே டப்பாவோட கிளம்பிடுவா. "பொறந்தாச்சு, எடுத்துக்கோங்க!" முதல் வாட்டி பாத்தா, அது நம்ம சூரியன் கக்கின கதிரு! ரெண்டாவது வாட்டி, செயற்கைக்கோளே பூமியைச் சுத்தி இருக்கிற மின்துகள் கூட்டத்துக்குள்ள போய் மாட்டிக்கிட்டு அலறியிருக்கு. மூணாவது வாட்டி? சிரிக்காதேடி. கீழ பூமியில மழை, டமால்னு ஒரு இடி மின்னல், அதுலேர்ந்தும் காமா கதிர் கிளம்புமாம்!

ஆபீஸே வாயில கல்கண்டை வெச்சுக்கிட்டுச் சிரிச்சுது. ஆரோக்கியம் அண்ணன், "உனக்காகத் திருப்பித் திருப்பி, மத்தவங்க பாக்க வேண்டியதெல்லாம் போச்சும்மா"ன்னார். மேலதிகாரி வைரவநாதன், "இன்னொரு தடவை தப்பாச்சுன்னா உன்னை ஸ்டோர் ரூம்ல உக்கார வெச்சுடுவேன்"னுட்டார். அவளுக்கு அழுகையா வந்துச்சு, பாவம். சின்ன வயசுலேர்ந்து ஆசைப்பட்ட வேலை அது.

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், அப்பத்தான் இருட்ட ஆரம்பிக்குது, டிங் டிங் டிங்! கை தானா டப்பாவுக்குப் போச்சு. சட்டுனு இழுத்துக்கிட்டா. சூரியனா? அது இருக்கிற திசை வேற. துகள் கூட்டமா? செயற்கைக்கோள் அந்தப் பக்கமே போகல. மின்னலா? மின்னல்னா கண் இமைக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும், இது முப்பது நொடி அழுதிருக்கு. ஆனாலும் போனை எடுக்கறா, வெக்கறா, எடுக்கறா. சொல்லித் தப்பாப் போனா வேலை போச்சு. சொல்லாம இருந்தா வெளிச்சம் போச்சு. ஒரு நிமிஷம் போச்சு. ரெண்டு நிமிஷம் போச்சு. என்ன ஆனாலும் ஆகட்டும்னு போன் போட்டுட்டா.

"அண்ணே, தில்லை பேசறேன்."

"ஐயோ, நீயா! கல்கண்டு குடுத்தாச்சா?"

"இல்லண்ணே. எல்லாம் சரிபாத்துட்டுத்தான் கூப்பிடறேன்."

அவர், "கல்கண்டு குடுக்கலையா? அப்போ விஷயம் இருக்கு"ன்னார். கிர்ர்ர்... கிர்ர்ர்... டக்!

"தில்லை! தெரியுதும்மா! ஒரு பொட்டு வெளிச்சம், மங்கிக்கிட்டே வருது. கொஞ்சம் விட்டிருந்தா போயிருக்கும்!"

அவ்வளவுதான், அவ மேஜையில தலையை வெச்சு ஓன்னு அழுதா. வைரவநாதன் பதறிப்போய், "என்னம்மா, மறுபடியும் தப்பா?"ன்னார்.

"இல்ல சார், நிஜமாவே பொறந்திருக்கு. பொறந்து எழுநூறு கோடி வருஷம் ஆச்சுன்னு அந்த வெளிச்சத்தை அளந்தாலே தெரியுது சார், அப்போ நம்ம பூமியே கிடையாது. அவ்வளவு தூரம் அழுதுக்கிட்டே வந்திருக்கு. நான் ஸ்டோர் ரூமுக்குப் பயந்து அந்த அழுகையைக் கேக்காமலே விட்டிருப்பேன்."

அந்த மனுஷன் பக்கத்துல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, மலையிலேர்ந்து கம்ப்யூட்டர்ல வந்த அந்தப் பொட்டு வெளிச்சம் முழுசா அணையிற வரைக்கும் அவளோட சேந்து பாத்துக்கிட்டிருந்தார்.

ம்? ம் காணோமே. சரி, கதை கரை சேந்தாச்சு, நீயும் கண்ணை மூடு என் தங்கம்.