நாற்பது மீட்டர் கட்டம்

கணினிக்குள் ஆற்றை ஓடவிடக் கற்றுக்கொள்ள மங்கையர்க்கரசியிடம் ஏழு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் அவளைவிட இருபது வயது மூத்தவர். பெயர் சவரிமுத்து. முப்பது வருஷம் அணைக்கட்டில் ஷட்டர் பார்த்தவர், ஓய்வு பெற்ற மறுவாரமே நோட்டும் பேனாவுமாக வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை சார் என்பாள். புதிதாக உள்ளே வருகிறவர்கள் யார் குரு, யார் சீடர் என்று கொஞ்ச நேரம் முழிப்பார்கள்.

வேலை இதுதான். ஆறு, கரை, வயல், ஊர் எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு தரைமட்டம் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ஒரு விநாடியில் எவ்வளவு தண்ணீர் போகும் என்று கணினி கூட்டிக் கழித்துக்கொண்டே போகும். இட்லித் தட்டில் ஒரு குழி நிரம்பி மாவு அடுத்த குழிக்கு வழிகிற மாதிரி.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீஸிலிருந்து கேட்டார்கள். ஞாயிறு விடியும்போது அணையைத் திறக்கிறார்கள். இரண்டு நாள் தண்ணீர் போகும். எந்தெந்த வீட்டுக்குள் தண்ணீர் புகும் என்ற பட்டியல் அன்று மாலை நாலு மணிக்குள் வேண்டும். பட்டியலில் உள்ள வீட்டுக்கு வேன் போய் ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவரும். இல்லாத வீட்டுக்குப் போகாது.

பட்டியல் சவரிமுத்துவின் பொறுப்பு.

அவர் முதலில் பத்துப் பத்து மீட்டராக வெட்டிப் பார்த்தார். கட்டம் சிறிதானால் நேரத்தையும் பொடிப்பொடியாக நறுக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஒரே எட்டில் இரண்டு மூன்று கட்டத்தைத் தாண்டிவிடும், கணக்கு வெடித்துவிடும். அவர் அதை மறந்துவிட்டார். கால் மணி நேரத்தில் அவருடைய ஆறு மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி நின்றது. விமானத்துக்கு வழிவிடுங்க சார் என்று பின் பெஞ்சில் கிண்டல் பண்ணினார்கள். நேரத்தைச் சரியாக நறுக்கிப் பார்த்தால், கணக்கு முடிய மூன்று நாள் ஆகும் என்றது கணினி. அதனால் நாற்பது மீட்டருக்கு வெட்டினார். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. வெடிக்கவில்லை. படமும் அழகாக வந்தது. அறுபத்திரண்டு வீடுகள்.

ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. மங்கையர்க்கரசியின் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஒரு கேள்வி மேடம். பத்துக்கு வெட்டினா நேரம் இல்ல. அஞ்சுக்கு வெட்டினா இன்னும் நல்லது, ரெண்டுக்கு வெட்டினா அதைவிட நல்லது. இதுக்கு முடிவே கிடையாதா? எவ்வளவு சின்னதா வெட்டினா போதும்?"

அவள் படத்தைப் பார்த்தாள். ஆற்றங்கரையை ஒட்டி ஓரிடத்தில் விரலை வைத்து, இது எந்த ஊர் என்று கேட்டாள். கீழத்தோப்பு, கரையடியில் வரிசையாகப் பதினோரு வீடு, நனையாது என்று அவர் சொன்னார்.

"பத்து மீட்டர்ல இன்னொரு தடவை ஓடவிட்டுட்டு வாங்க. அது பாட்டுக்கு ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து அளவு நாடாவையும் ஒரு பை சுண்ணாம்புப் பொடியையும் எடுத்தாள்.

அவளுடைய ஸ்கூட்டரில், அவர் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இருவரும் கீழத்தோப்புக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று.

படத்தில் இருந்த கட்டத்தை அப்படியே தரையில் போடச் சொன்னாள் அவள். அவர் நாடாவைப் பிடித்து நாற்பதுக்கு நாற்பது அளந்து, நாலு பக்கமும் சுண்ணாம்புக் கோடு இழுத்தார். கோடு ஒரு வீட்டு வாசலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அந்த வீட்டிலிருந்து ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி ஒரு பெண் வந்தாள். பேச்சித்தாய் என்று பெயர். கொத்தனார் சம்சாரம்.

"என்ன சார், பட்டாவுக்கு அளக்கியளா?"

பட்டாவுக்கு இல்லை, தண்ணீருக்கு என்றார் சவரிமுத்து. தண்ணீருக்கு எதுக்குப் பட்டா, அது கேட்காமலே வந்து குடியேறுமே என்று சொல்லி அவள் சிரித்தாள். ஆனாலும் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது.

மங்கையர்க்கரசி அவரைக் கட்டத்துக்குள் நிற்க வைத்து, உள்ளே என்னென்ன இருக்கிறது, சொல்லுங்கள் என்றாள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு பாதி முழுக்க ஆற்றங்கரை. டிராக்டர் ஆற்றுக்குள் போய்வர கரையைக் குறுக்கே வெட்டிவிட்ட வண்டிப்பாதை, நாலு மீட்டர் அகலம், வீட்டுத் தரை மட்டத்துக்கே. மறுபாதியில் இரண்டரை வீடு, ஒரு முருங்கை, துவைக்கிற கல், கோழிகள்.

"இத்தனைக்கும் சேர்த்து என்ன மட்டம் கொடுத்தீங்க?"

"ஏழு அடி மேடம். கரை பன்னிரண்டு, வீட்டுத் தரை ரெண்டு. சராசரி ஏழு. ஆத்துல தண்ணி அஞ்சரை வரைக்கும்தான் வரும். அதான் நனையாதுன்னு..."

அவர் பாதியில் நிறுத்தினார். பேச்சித்தாய் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"இதுல ஏழடி எது சார்?"

அவரும் தேடினார். கரைச் சரிவில் பாதி உயரத்தில் அந்த ஏழடி இருந்தது. அங்கே ஒரு ஆடு நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. வேறு யாரும் அந்த உயரத்தில் குடியிருக்கவில்லை.

நாலு மீட்டர் வண்டிப்பாதை சராசரியில் கரைந்து காணாமல் போயிருந்தது. அவருடைய கணினிக்குள் கீழத்தோப்புக்குத் தண்ணீர் நுழைய வாசலே கிடையாது.

மூன்று நாள் கணக்கு முடிய திங்கட்கிழமை ஆகிவிடும், அணை ஞாயிறு திறக்கிறது, இப்போது எதை வைத்து என்னவென்று எழுதுவேன் என்று சவரிமுத்து புலம்பினார். ஷட்டர் பார்த்த காலத்தில் இந்தப் பாதை வழியாகத்தான் சைக்கிளில் போவேன், அதைக்கூட மறந்துவிட்டேனே என்றார். மங்கையர்க்கரசி அவரைத் திட்டவில்லை. தானும் ஒரு தடவை ஒரு பாலத்தையே இப்படித் தொலைத்திருப்பதாகச் சொன்னாள். பிறகு பேச்சித்தாயின் வீட்டுச் சுவரைக் கை காட்டினாள். ஆணியில் கொத்தனாரின் மட்டம் பார்க்கிற ட்யூப் சுருட்டித் தொங்கியது.

"அக்கா, அதைக் கொஞ்சம் தருவீங்களா?"

ட்யூபில் தண்ணீர் ஊற்றினார்கள். எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். கரைக்கு வெளியே ஆற்றுப் பக்கம், பாதையின் வாயில் ஆற்றின் அளவுக்கல் இருந்தது; அவர் சொன்ன அடிக்கணக்கெல்லாம் அந்தக் கல்லை வைத்துத்தான். அதில் ஐந்தரை அடிக் கோட்டுக்குச் சரியாக ஒரு முனைத் தண்ணீர் நிற்கும்படி மங்கையர்க்கரசி பிடித்துக்கொண்டாள். ட்யூப் வீடு வரைக்கும் எட்டவில்லை. பாதை நடுவில் ஒரு கம்பை நட்டு, அதில் மட்டத்தைக் குறித்து, அங்கிருந்து மறுபடியும் பிடித்தார்கள். மறுமுனையோடு சவரிமுத்து பேச்சித்தாயின் வீட்டுக்குள் போனார்.

உள்ளே இருட்டாக இருந்தது. கண் பழக ஒரு நிமிஷம் ஆனது. ட்யூபுக்குள் தண்ணீர் ஏறி இறங்கித் தளும்பியது. பிறகு நின்றது. அவர் பென்சிலால் சுவரில் கோடு போட்டார்.

உத்தரத்திலிருந்து சேலைத் தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. கோடு தொட்டிலின் அடிக்குக் கீழே இல்லை. மேலே ஒரு சாண் தள்ளி இருந்தது. உள்ளே பிள்ளை வாயில் விரலை வைத்துக்கொண்டு தூங்கியது.

"இம்புட்டுக்கா வரும்?" என்று பேச்சித்தாய் மெதுவாகக் கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார். நாளைக்கு வேன் வரும், ரேஷன் கார்டையும் பிள்ளைக்குத் துணியையும் எடுத்து வைத்துக்கொள், பக்கத்து வீடுகளிலும் சொல்லு என்றார். அவள் சொல்லப் போனாள்.

முருங்கை நிழலில் உட்கார்ந்து சவரிமுத்து பட்டியலின் அடியில் பதினோரு வீட்டையும் பேனாவால் எழுதினார். கணக்கில் இல்லாத வீட்டை எப்படிச் சேர்த்தீர்கள் என்று ஆபீஸில் கேட்டால் என்ன சொல்வது என்றார். கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அது முடிகிற வரைக்கும் இவர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும் என்று சொல்லுங்கள் என்றாள் மங்கையர்க்கரசி.

ட்யூபைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். ஆனாலும் ஒன்று அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

"நாற்பதுக்கு வெட்டினதே தப்பா மேடம்?"

அவள் கரைமேல் ஏறி நின்றாள். அக்கரையில் கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே மட்டமாக நெல். ஒரு குடிசை இல்லை.

"அங்கே அது போதும் சார்."