கட்டை மிதித்த பிரேக்

“விளக்கு எரியுதுக்கா. நான் பார்க்கிறப்பல்லாம் எரியுது,” என்றார் ராக்கப்பன்.

சவேரியம்மாள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் அவருடைய கடை. கார்களுக்கு வயரிங் வேலை. மில் வேலை போன பிறகு ராக்கப்பன் அங்கே தொழில் பழக வந்தார். வயதில் மூத்தவர். ஆனாலும் சவேரியம்மாளை அக்கா என்றுதான் அழைப்பார். அவர் இவரை அண்ணே என்பார்.

“உங்களுக்கு எரியுதுண்ணே. தவமணிக்கு எரியலையே.”

தவமணி வாடகைக் கார் ஓட்டுபவர். நேற்று மூடுபனியில் மலை இறங்கும்போது, பின்னால் வந்த வேன் மோதப் போய் ஒரு முழம் தள்ளி நின்றது. பிரேக் விளக்கே எரியவில்லை என்று வேன்காரர் இறங்கி வந்து சட்டையைப் பிடித்தார்.

இன்று மறுபடி மலைக்குப் போக வேண்டும். இன்று மனைவியும் கைக்குழந்தையும் கூட வருகிறார்கள். இருவரும் கடை பெஞ்சில் காத்திருந்தார்கள்.

“என்னைப் பார்த்தா மட்டும் விளக்குக்கு வெக்கமாக்கும்,” என்றார் தவமணி.

ராக்கப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“பெடல் ஸ்விட்சைப் போன வாரமே மாத்திட்டேன். இன்னைக்கு ஃபியூஸ், பல்பு எல்லாம் புதுசு. வயரை ஒவ்வொரு சாணா ஆட்டிப் பார்த்தேன். பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவுல கட்டையை முட்டுக்கொடுத்துட்டுப் பின்னாடி போய் நின்னா, பளிச்சுனு எரியுது.”

“ராத்திரி தூங்கினீங்களா?”

“இல்லக்கா.”

சவேரியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். டெஸ்ட் விளக்கை எடுக்கவில்லை. பானெட்டைத் திறக்கவில்லை.

“தவமணி, வீட்டம்மாவை ஏத்திக்கிட்டுச் சந்தை வரைக்கும் போய்ட்டு வா. எப்பவும் ஓட்டுற மாதிரி ஓட்டு. அண்ணே, நீங்க பைக்கை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே போங்க.”

“எவ்வளவு பின்னாடி?”

“வேன் வந்த மாதிரி.”

பைக்கில் பின்தொடர்ந்த ராக்கப்பன் காரின் பிரேக் விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிவப்புக் கண்ணாடி இருட்டாகவே இருந்தது.

பள்ளிக்கூட வேகத்தடை வந்தது.

விளக்கு எரியவில்லை. கார் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தார். பின்சக்கரம் வழுக்கியது. முன்சக்கரம் பம்பரில் மெல்ல இடித்து நின்றது. பின்கண்ணாடிக்குள் தாயின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரத்தில் ஆடு ஒன்று குறுக்கே ஓடியது. தவமணி ஓங்கி மிதித்தார். இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன.

ராக்கப்பன் கடைக்குத் திரும்பி வந்து பைக்கை நிறுத்தினார்.

“எரிஞ்சுதாண்ணே?”

“ஆட்டுக்கு எரிஞ்சுது.”

“பள்ளிக்கூட வேகத்தடைக்கு?”

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

“பிள்ளை தூங்குதுல்ல,” என்றார் தவமணி. “பதமாத்தான் மிதிச்சேன்.”

ராக்கப்பன் மூலையில் கிடந்த கட்டையைப் பார்த்தார். அதற்குப் பதமாக மிதிக்கத் தெரியாது.

காருக்குள் தலையை விட்டுப் படுத்தார். ஸ்விட்சை அவர்தான் திருகி மாட்டியிருந்தார். அளவுக்கு மீறி உள்ளே திருகியிருந்தார். பெடல் பாதி இறங்கிய பிறகுதான் விளக்குக்குச் சேதியே போகும்.

நட்டைத் தளர்த்தி, ஸ்விட்சை வெளியே கொஞ்சம் திருகி வைத்து இறுக்கினார். பழக்கத்தில் கை கட்டையைத் தேடியது. பாதியில் நின்றது.

இரண்டு விரலால் பெடலைத் தொட்டு அழுத்தினார்.

“எரியுது,” என்றார் பின்னால் நின்ற சவேரியம்மாள்.

விரலை எடுத்தார்.

“அணைஞ்சிருச்சு.”

இன்னும் மெல்ல அழுத்தினார்.

“எரியுது.”

தவமணி சாவியை வாங்கிக்கொண்டார். குழந்தையைப் பார்த்தார். பிறகு சவேரியம்மாளைப் பார்த்தார்.

“நம்பிப் போலாமாக்கா?”

அவர் ராக்கப்பனைப் பார்த்தார்.

ராக்கப்பன் பைக்கை உதைத்துக் கிளப்பினார்.

“எங்கண்ணே?”

“பின்னாடி.”