சுடாத கஞ்சி

மடத்து நோயாளிகள் கொட்டகையில் தாண்டவன் கண் விழித்தபோது வாயெல்லாம் எரிந்தது. விஷ ஜுரம். நாக்கிலும் உதட்டிலும் புண். எதிரே கஞ்சிக் கிண்ணத்தோடு மாசிலாமணி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

திருப்பாமல் என்ன செய்வான்? போன மாசி வரைக்கும் மாசிலாமணிதான் அந்த மடத்துச் சமையல்காரர். சாமிக்குப் படைக்கும் முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பது மடப்பள்ளிச் சட்டம். தாண்டவன் நாற்பது வயதுக்கு மேல் மடத்தில் சேர்ந்த சீடன். வந்த வேகத்தில் சட்டமெல்லாம் மனப்பாடம். மாசிலாமணி பொங்கலில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்ததை ஒருநாள் பார்த்துவிட்டான். பார்த்ததோடு விட்டானா? பந்தியில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, “இது எச்சில் பட்ட பிரசாதம்” என்று உரக்கச் சொன்னான்.

பாதி ஆயுளுக்குக் கரண்டி பிடித்த மனிதரை அன்றைக்கே நோயாளிகள் கொட்டகைப் பணிக்கு மாற்றினார்கள். அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

இப்போது தொற்றுக்குப் பயந்து வேறு யாரும் கொட்டகைப் பக்கம் வரவில்லை. இவர் ஒருவர்தான்.

மாசிலாமணி ஒரு கரண்டி கஞ்சியை எடுத்து ஊதினார். தன் உதட்டில் வைத்துப் பார்த்தார். திருப்தியில்லை போலிருக்கிறது, மறுபடி ஊதினார். நுனி நாக்கால் உப்பும் பார்த்தார்.

“வாயைத் திறங்க.”

கஞ்சி சுடவில்லை. உப்பும் எரியவில்லை. அடுத்த கரண்டியையும் அப்படியே உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். நோயாளி வாயில் பட்டு வந்த அதே கரண்டி. தாண்டவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எந்தக் காரியத்துக்காக இவரைப் பந்தியில் தலைகுனிய வைத்தானோ, அதே காரியத்தை அவனுக்காகச் செய்துகொண்டிருந்தார்.

பேசத் தெம்பு வந்ததும் கேட்டான்.

“உங்களுக்கு என்மேல கோபம் இல்லையா?”

“இருக்கு. வாயைத் திறங்க.”

“மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னாத்தான் கஞ்சி இறங்குமா?”

ஜுரம் இறங்கியது. ஆனால் நிம்மதி வரவில்லை. பந்தியில் சொன்னதைப் பந்தியிலேயே தப்பென்று சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வேளையும் நினைப்பான். எழுந்திருக்கப் போனவன் இன்னொரு கவளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். குளத்துக்கும் கூடத்துக்குமாக நடந்து பார்த்தான். ஜபத்தில் உட்கார்ந்தால் மாசிலாமணியின் முகம்தான் வந்தது. பொறுக்க முடியாமல் குருவிடம் போனான். அவர் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

“சாமி, மாசிலாமணிக்கு என்மேல் இன்னும் கோபம் இருக்கிறதாம்.”

“இருக்கும்.”

“கோபத்தை வைத்துக்கொண்டு செய்த பணிவிடை பொய்யில்லையா?”

“கஞ்சி சுட்டதா?”

“இல்லை.”

குரு மொச்சையில் பாதியை அவன் பக்கம் தள்ளினார். “உரி.”

இதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதையும் பிடுங்க முடியாது. தாண்டவன் உரித்தான். உரித்ததில் பாதி தரையில் சிந்தியது.

அந்த வாரமே மாசிலாமணி படுத்துவிட்டார். அதே ஜுரம், அதே புண். எங்கிருந்து ஒட்டியது என்று தாண்டவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினான்.

கரண்டியில் எடுத்தான். ஊதினான். உதடு வரைக்கும் கொண்டுபோனான். அதற்கு மேல் கை போகவில்லை. எச்சில் என்ற எண்ணம் குறுக்கே வந்து நின்றது. போதும், ஆறியிருக்கும் என்று அப்படியே ஊட்டினான்.

மாசிலாமணியின் உடம்பு ஒரு தரம் துடித்து அடங்கியது. சிரமப்பட்டு விழுங்கிவிட்டு, மறுபடி வாயைத் திறந்தார்.

அடுத்த கரண்டி கொடுக்க அவனுக்குக் கை வரவில்லை. கிண்ணத்தோடு எழுந்து குருவிடம் ஓடினான்.

“சாமி, மாசிலாமணியின் வாயைச் சுட்டுவிட்டேன். அவர் எனக்குச் செய்ததை என்னால் செய்ய முடியவில்லை. அருவருப்பாக இருக்கிறது. பந்தியில் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த முகத்தோடு அவருக்கு ஊட்டுவேன்? எனக்கு இருப்பது அன்பா, குற்ற உணர்ச்சியா, அதுகூடத் தெரியவில்லை. என் மனசு சுத்தமாகிற வரைக்கும் வேறு யாரையாவது அனுப்புங்கள்.”

“யார் போவார்கள்?”

தாண்டவன் தலையைக் குனிந்தான். “யாரும் போக மாட்டார்கள்.”

குரு அவன் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார்.

“கஞ்சி இன்னும் சுடுகிறதா?”

“தெரியவில்லை, சாமி.”

“முதலில் அதைத் தெரிந்துகொள். மனசை அப்புறம் பார்க்கலாம்.”