சிம் போட இடம் இருக்குமா?

கேள்வியைத் தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்ற பயத்தில் துளசிமணி அதைப் பலவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் ஒரு மாதிரி வந்தது. சமையற்கட்டில் வேறு மாதிரி வந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். இந்தக் கேள்வியிலோ இங்கிலீஷ் சொற்கள் அதிகம். ஒரு சொல் இடம் மாறினால் பதிலும் மாறிவிடும். மாறிய பதிலை நம்பி எதையாவது செய்து, அதனால் தாரணி கைவிட்டுப் போய்விட்டால்?

தாரணி அவள் மகள்.

“என்னம்மிணி, கிணத்துக்கிட்டயா பேசிட்டிருக்கறே?” என்றார் கனகசபை. கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆசிரமத்தோடு வந்து சேர்ந்தவர்.

“இல்லீங்கண்ணா. அந்தப் புதுப் போன் சமாச்சாரத்தை இன்னொருக்கா சொல்லுங்க. குரு அம்மாகிட்டக் கேக்கோணும்.”

“அதான் காலையில சொன்னனே.”

“காலையில இடம் இருக்குதுன்னீங்க. நேத்து இல்லைன்னீங்க.”

“நானா சொன்னேன்? வீடியோவுல சொல்றான். நேத்துப் பார்த்த பையன், இந்த மாடல்ல சிம் கார்டு போடற ஓட்டையே கிடையாதுன்னு அடிச்சுச் சொன்னான். நம்பரை உள்ளயே எழுதிக்குமாம். இன்னைக்குப் பார்த்தவன், அதெல்லாம் வெளிநாட்டுக்குத்தான், நம்மூருக்கு ஓட்டை உண்டுங்கறான்.”

“ரெண்டு பேருமே போனைப் பார்த்திருக்காங்களா?”

“அதெப்படிப் பார்ப்பாங்க? அதுதான் இன்னும் வரவே இல்லையே!” என்று சொல்லிவிட்டுக் கனகசபை சிரித்தார். துளசிமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய போனில் இருப்பதெல்லாம் புதியதின் மெமரிக்குள் வந்துவிடுமா என்று கேட்டாள். மெமரி கடல் மாதிரி என்றார். பழசிலிருந்து புதுசுக்கு எல்லாம் ஒத்துப்போகுமா என்று கேட்டாள். அது உன் போன் எந்தக் காலத்துப் போன் என்பதைப் பொறுத்தது என்றார். அவளுடைய போன் ரொம்பப் பழையது.

கடல் மாதிரி என்றதும் பயம் கூடியது. அவ்வளவு பெரிய கடலில் ஒரு நம்பரை எங்கே போய்த் தேடுவது?

அந்த ஆசிரமம் மலையடிவாரத்தில் ஓடு வேய்ந்த நாலு அறையும் ஒரு காய்கறித் தோட்டமும்தான். குரு பூங்கோதையம்மா. துளசிமணியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். ஆனாலும் துளசிமணி அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். அவர் துளசிமணியை அக்கா என்பார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கேள்வியோடு வருகிறவர் வெறுங்கையோடு வரக் கூடாது. ஏதாவது ஒரு வேலையைக் கொண்டுவர வேண்டும். இரண்டு பேரும் உட்கார்ந்து அதைச் செய்ய வேண்டும். வேலை முடிவதற்குள் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

வழக்கமாக எல்லோரும் கொட்டை எடுக்கப் புளி கொண்டுவருவார்கள், ஆயக் கீரை கொண்டுவருவார்கள். துளசிமணி அன்றைக்கு ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயம் கொண்டுபோனாள். உரித்து முடிக்க நேரம் பிடிக்கும். கண்ணில் தண்ணீர் வந்தாலும் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. பூங்கோதையம்மா அறை வாசலில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்தார். துளசிமணியும் எடுத்தாள். முறத்தில் கால்வாசி குறைகிற வரைக்கும் அவள் வாய் திறக்கவில்லை.

“சாம்பாருக்கா?” என்றார் அம்மா.

“ஆமாங்கம்மா.”

“இவ்வளவும் போட்டா சாம்பார் அழுதுரும்.”

சொல்லிவிட்டு அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பில் துளசிமணிக்கு வாய் திறந்தது. மஸ்கட்டிலிருந்து ஆசிரமத்துக்கு வந்துபோன செந்தூரன் அண்ணன், அவள் போனின் கதியைப் பார்த்துவிட்டு, தீபாவளிக்கு ஒரு புது மாடல் வருகிறது, வெளியான உடனே ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லிப்போனதைச் சொன்னாள். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை என்றாள். அதில் சிம் போட இடம் இல்லாமல் போனால் தன் நம்பர் போய்விடும். நம்பர் போனால் தாரணி போய்விடுவாள்.

“தாரணி எங்கே இருக்கறா?”

“தெரியலீங்கம்மா. பிடிச்ச பையனோட போயிட்டா. அவ மாமனுங்க அருவாளைத் தூக்கிட்டு நின்னாங்க. அவ பின்கதவு வழியா ஓடறப்ப என் கையைப் பிடிச்சுட்டுச் சொன்னா, ‘அம்மா, நம்பரை மட்டும் மாத்திராதே. நான் கூப்பிடறேன்’னு. அதுக்கப்புறம் அங்கே இருக்கப் பிடிக்காமத்தான் நான் இங்கே வந்துட்டேன்.”

“கூப்பிட்டாளா?”

துளசிமணி வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

“பங்குனியில ஒரு நாள் ஒரு போன் வந்துது. புது நம்பரு. நான் அலோ, அலோன்னேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. மூச்சு மட்டும் கேட்டுது. அப்புறம் வெச்சுட்டாங்க.”

பூங்கோதையம்மா உரித்த வெங்காயத்தைச் சட்டியில் போட்டார்.

“அந்த நம்பரு பழைய போன்லதான் இருக்குதுங்கம்மா. அது புதுசுக்குப் போகுமா? சிம் போட இடம் இருக்குமா? நீங்கதான் சொல்லோணும்.”

“எனக்குத் தெரியாதுங்கக்கா.”

துளசிமணி திகைத்துப் போனாள். இத்தனை வருஷத்தில் அம்மா அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. அம்மாவுக்கே தெரியாதென்றால் அது எவ்வளவு பயங்கரமான போனாக இருக்க வேண்டும்!

“இப்ப இருக்கற போன் எங்கே?” என்றார் அம்மா.

“என்ற அறையில. சார்ஜ் போட்டிருக்கறேன்.”

பூங்கோதையம்மா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். “கண்ணெரியுது. செத்த நேரம் படுக்கறேன்” என்று சொல்லி, தன் அறைக்குப் போகாமல் துளசிமணியின் அறைக்குள் போனார்.

துளசிமணி பின்னாலேயே ஓடினாள்.

கட்டிலில் ஒரு தலையணை. அதன் அடியிலிருந்து சார்ஜர் வயர் சுவருக்குப் போயிற்று. பூங்கோதையம்மா கட்டிலில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். தலையணையில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“அம்மா, அங்கே வேண்டாங்கம்மா!”

“ஏங்கக்கா? மெத்துனுதான் இருக்குது.”

“அம்மா, எந்திரிங்க. அடியில போன் இருக்குது.”

“இருந்துட்டுப் போகுது. கூப்பிட்டா சொல்றேன்.”

“அது சூடாகுமுங்கம்மா. பேட்டரி உப்பிக் கெடக்குது. வெடிச்சுருமுன்னு கடைக்காரரே சொன்னாரு!”

பூங்கோதையம்மா அசையவில்லை. குருவைத் தொட்டு இழுப்பது மரியாதை இல்லை என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. துளசிமணி இரண்டு தோளையும் பிடித்து அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தாள். சுவிட்சை அணைத்தாள். வயரைப் பிடுங்கினாள். தலையணையைத் தள்ளினாள்.

போன் பூரி மாதிரி உப்பியிருந்தது. பின்மூடி ஒரு பக்கம் பிளந்துகொண்டு நின்றது. அது திறந்துவிடாமல் இருக்க அவள் கறிவேப்பிலைக் கட்டின் ரப்பர் பேண்டுகளைக் கழற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருந்தாள்.

“கடைக்காரர் எப்பச் சொன்னாரு?” என்றார் அம்மா.

“ஆடியில.”

“அப்பயிருந்து இங்கேயா வெச்சிருக்கீங்க?”

“விட்டுட்டுப் போங்க, நாளைக்குத் தர்றேன்னாரு. அந்த ஒரு நாள்ல அவ கூப்பிட்டுட்டா? வாங்கிட்டு வந்துட்டேன். சிம்மைக் கழட்டினா எல்லாம் அழிஞ்சு போயிரும்னு வேற யாரோ சொன்னாங்க.”

“தலைக்கு அடியிலயேவா?”

“மணி அடிச்சா காதுல விழோணுமுங்களே.”

“என்ற தலை இருந்தப்ப வெடிச்சுருமுன்னீங்க. உங்க தலை இருந்தா?”

துளசிமணி ரப்பர் பேண்டுகளையே பார்த்தாள். அதில் ஒன்று சூட்டில் இளகி ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் சமையற்கட்டுக்குப் போய் இடுக்கியை எடுத்து வந்தாள். சூடான பாத்திரத்தைத் தூக்குவது போலப் போனைத் தூக்கிக்கொண்டு, உடம்பை ஒதுக்கி, வாசலைத் தாண்டி நடந்தாள். கனகசபை எதிரில் வந்தார்.

“என்னம்மிணி, போனைப் பொரிக்கப் போறியா?”

“தள்ளி நில்லுங்கண்ணா!”

அவள் போட்ட சத்தத்தில் அவர் இரண்டு அடி தள்ளியே நின்றார். தோட்டத்து மூலையில், கிணறு கட்ட வந்து மீந்த மணல் கிடந்தது. அதன்மேல் போனை வைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

இருவரும் மறுபடி வெங்காயம் உரித்தார்கள். முறத்தில் பாதி குறைந்தபோது துளசிமணி எழுந்து போய்ப் போனைத் தொட்டுப் பார்த்தாள். சூடு ஆறியிருந்தது. வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, பக்கவாட்டில் இருந்த சின்னத் துளையில் குத்தினாள். சிம் வெளியே வந்தது. சுண்டு விரல் நகம் அளவுதான் இருந்தது. அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, போனை முழுசாக மணலில் புதைத்தாள்.

பூங்கோதையம்மா தன் போனை எடுத்து வைத்திருந்தார். பட்டன் போன். பின்மூடியைக் கழற்றித் தன் சிம்மை வெளியே எடுத்தார். சிம் போடுகிற இடம் பெரிதாக இருந்தது. துளசிமணியின் சிம் அதில் நிற்காமல் நழுவியது.

அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

“பாத்தீங்களாம்மா? இதுக்கே சேரலை.”

“சேராது. சின்னதாச்சே.”

துளசிமணி சட்டென்று எழுந்து உள்ளே போனாள். அஞ்சறைப் பெட்டியோடு வந்தாள். கடுகுக் கிண்ணத்துக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் துண்டை எடுத்தாள். முதன்முதலில் சிம் வாங்கியபோது, அதைப் பிய்த்து எடுத்த பிறகு மிஞ்சிய சட்டம். எல்லோரும் குப்பையில் போடுவது. போட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து இத்தனை நாள் வைத்திருந்தாள்.

சட்டத்தின் நடுவில் சிம்மை வைத்து அழுத்தினாள். சிக்கெனப் பொருந்தியது. போனுக்குள் போட்டாள். அதுவும் நின்றது.

சின்ன வெளிச்சம் வந்தது. சிக்னல் கோடுகள் வந்தன. நம்பர் உயிரோடுதான் இருந்தது.

துளசிமணி மூச்சு விட்டாள். மறுகணமே அந்த மூச்சு பாதியில் நின்றது.

“அந்தப் பங்குனி நம்பரு! அது போன்லதானுங்க இருந்துது, சிம்முல இல்லை. மண்ணுக்குள்ள போயிருச்சே!”

“என்ன நம்பரு?” என்றார் அம்மா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

துளசிமணி சொன்னாள். பத்து எண்களையும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, யாரோ சொன்னதைக் கேட்டவள் போல வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

“அதுக்கு நீங்க கூப்பிட்டீங்களா?”

முறத்தில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. துளசிமணி ஒரு வெங்காயத்தை எடுத்தாள். தோலை உரித்தாள். அடுத்த தோலையும் உரித்தாள். உரித்துக்கொண்டே இருந்தாள்.

“இல்லீங்கம்மா.”

“ஏங்கக்கா?”

“கூப்பிட்டு, அது அவளா இல்லாமப் போயிட்டா? யாரோ தப்பா அடிச்சிருந்தாங்கன்னா? இப்பவாச்சும் அவதான்னு நெனச்சுட்டு இருக்கறேன்.” “அவளாவே இருந்து, ‘எதுக்கு நீ கூப்பிட்டே’ன்னு கேட்டுட்டா? அம்மா, நீங்க சொல்லுங்க. அது அவதானுங்களா?”

பூங்கோதையம்மா கடைசி வெங்காயத்தை உரித்துச் சட்டியில் போட்டார். முறத்தை வாசலில் தட்டினார். தோலெல்லாம் காற்றில் பறந்தது. பிறகு பட்டன் போனை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

“இதுல அடிச்சா அங்கே மணி அடிக்கும். அதுக்கு மேல எனக்கும் தெரியாதுங்கக்கா.”

சொல்லிவிட்டு வெங்காயச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனார்.

துளசிமணி போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தோட்டத்தில் கனகசபை யாரிடமோ, அந்தப் புது மாடல் தீபாவளிக்கு வராதாம், தை மாசத்துக்குத் தள்ளிப் போட்டுவிட்டானாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது அவள் காதில் விழுந்தது. அதில் சிம் போட இடம் உண்டா என்று அவள் திரும்பிக் கேட்கவில்லை.

ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். தப்பாக அழுத்திவிட்டோமோ என்று ஒருமுறை சரிபார்த்தாள். பிறகு, என்ன குரல் வந்தாலும் விழுந்துவிடாமல் இருக்க, நகர்ந்து போய்ச் சுவரில் முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டு, பச்சைப் பட்டனை அழுத்தினாள்.