புல்லில் திரித்த கடிவாளம்

முன்னொரு காலத்தில் கொடிமங்கலம் என்ற நாட்டை விசயகெம்பீரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் வேறொன்று சொல்வார், அவ்வளவுதான் குறை. இரண்டுக்கும் நடுவில் நாட்டை ஓட்டிக்கொண்டு போவது மந்திரி திருமேனியாரின் பாடு.

அந்தத் தலைநகரில் அலங்காரம் என்றொரு பெண் மாடும் குதிரையும் இல்லாமல் ஓடுகிற வண்டி ஒன்றைச் செய்திருந்தாள். வெயிலில் வைத்தால் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஒரு பெட்டி, அதுதான் வண்டியை ஓட்டும். அந்தக் காலத்தில் மின்சாரம் ஏது என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பெட்டியைச் செய்து கொடுத்தவர்கள் மலையடிவாரத்தில் செம்பும் பித்தளையும் உருக்கி வேலை செய்யும் கன்னார்கள். சக்கரம் ஆற்றங்கரைத் தச்சர்களுடையது. செம்புக் கம்பி கடற்கரைப் பட்டணத்திலிருந்து வந்தது. எல்லாவற்றையும் பொருத்தி ஓடவைக்கும் வித்தை மட்டும் அலங்காரத்துடையது. வண்டிக்குக் கஜானாவிலிருந்து பணம் தருவதாக ராஜா ஒரு காலை வேளையில் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பித்தான் அத்தனை பேரும் கூலி வாங்காமல் சரக்கு அனுப்பியிருந்தார்கள். பணம் வராவிட்டால் அவளுடைய பட்டறை மூடிவிடும், மூன்று ஊர்க்காரர்களும் அவளோடு சேர்ந்து கவிழ்ந்துவிடுவார்கள்.

இது பொறுக்கவில்லை ஒருவருக்கு. அவர் அரண்மனைக் குதிரை லாயத்தின் அதிகாரி வல்லபராயர். குதிரையில்லாத வண்டி வந்துவிட்டால் தன்னை யார் மதிப்பார்கள் என்ற கவலை. ராஜா சாப்பிட்டு எழுகிற நேரம் பார்த்துச் சபைக்குப் போனார்.

"மன்னா, அந்தப் பெண் என்ன செய்தாள்? சக்கரம் ஒருவன் செய்தது, பெட்டி ஒருவன் செய்தது. ஊரான் செய்ததையெல்லாம் ஒட்டவைத்ததற்கா கஜானாவைத் திறப்பது?"

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. அரசாங்கப் பணம் வாங்குகிறவர் எதையும் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டார். தேரோட்டத்தன்று, முழுக்க அவள் கையாலேயே செய்த வண்டியில் தன்னைக் கோயிலுக்கு அழைத்துப் போகட்டும், முடியாவிட்டால் பணம் கிடையாது என்றும் சொன்னார்.

திருமேனியார் எழுந்து, "அருமையான சட்டம், மன்னா. கஜானாவில் பணம் வாங்குகிற எல்லோருக்கும்தானே?" என்றார்.

"எல்லோருக்கும்தான்" என்றார் ராஜா. எல்லோரையும்விடப் பலமாகத் தலையாட்டியவர் வல்லபராயர்.

அலங்காரம் மந்திரியிடம் வந்து அழுதாள். தன்னை நம்பினவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கேட்டாள். தேரோட்டத்தன்று அவரவர் சரக்கைக் கழற்றிக்கொண்டு அரண்மனை வாசலுக்கே வரச்சொல் என்று மட்டும் திருமேனியார் சொல்லி அனுப்பினார்.

தேரோட்டம் வந்தது. ராஜா வடத்தைத் தொட்டுக் கொடுத்தால்தான் தேர் நகரும், அது அந்த ஊர் வழக்கம். ராஜா பட்டு உடுத்தி வெளியே வந்தால், வண்டி சக்கரம் இல்லாமல் கருங்கல்மேல் உட்கார்ந்திருக்கிறது. கழற்றிய சாமான்களோடு மூன்று ஊர்க்காரர்களும் ஓரமாக நிற்கிறார்கள். "சரி, தோற்றுவிட்டாள். ராயரே, குதிரையைக் கொண்டுவாரும்" என்றார்.

திருமேனியார் குறுக்கே வந்தார். லாயமும் கஜானாப் பணத்தில்தானே நடக்கிறது, இந்தச் சேணத்தைத் தைத்தது ராயரா, லாடத்தை அடித்தது ராயரா என்று பணிவாக விசாரித்தார். இரண்டும் தான் இல்லை என்று ராயர் ஒப்புக்கொண்டார். சொன்ன சொல் சபையறியச் சொன்னது, ராஜாவால் விழுங்க முடியவில்லை. சேணம் போயிற்று, லாடம் போயிற்று, கடிவாளமும் போயிற்று. கோயிலில் மேளம் கேட்டது. நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்தது.

ராயர் மைதானத்துக்கு ஓடி, புல்லைப் பிடுங்கி, வேர்க்க விறுவிறுக்க ஒரு கடிவாளம் திரித்துக்கொண்டு வந்தார். ராஜா வெறும் முதுகில் ஏறி உட்கார்ந்தார். குதிரை கழுத்தைத் திருப்பிப் பார்த்தது, பிறகு நிதானமாகக் கடிவாளத்தைத் தின்று முடித்தது.

காவல்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முதலில் சிரித்தது ராஜாதான், அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அலங்காரம் முன்னால் வந்தாள். "மகாராசா, எங்காளுங்க எல்லாரும் இங்கதான் நிக்கிறாங்க. மாட்டுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

ராஜா சொன்னார். தச்சர்கள் சக்கரத்தை உருட்டி வந்தார்கள், கன்னார்கள் பெட்டியைத் தூக்கி வைத்தார்கள், பட்டணத்துக்காரர்கள் கம்பியை முடுக்கினார்கள். அலங்காரத்தின் கை எல்லா இடத்திலும் இருந்தது. வண்டி சத்தமில்லாமல் கிளம்பி, நேரம் தவறுவதற்குள் கோயிலில் போய் நின்றது.

ராஜா வடத்தைத் தொட்டார். வழக்கமாகத் தொட்டதும் விட்டுவிடுவார், இந்த முறை விடாமல் ஒரு இழு இழுத்துப் பார்த்தார். தேர் அசையவில்லை. பின்னால் ஊரே வடத்தில் கை வைத்த பிறகு அசைந்தது.

"இத்தனை வருஷமும் என் கையால்தான் தேர் போகிறது என்று நினைத்திருந்தேன், மந்திரி" என்றார்.

"நீங்கள் தொடாமலும் அது போகாது, மன்னா" என்றார் திருமேனியார். "கஜானாவும் அப்படித்தான்."

அன்றைக்கே பணம் வந்தது. வந்ததும் முதலில் மூன்று ஊர்க்காரர்களுக்கும் கூலி போயிற்று. ராயரை என்ன செய்யலாம் என்று ராஜா அலங்காரத்தையே கேட்டார். ராயர் தலையைத் தூக்கவில்லை.

"உக்கார்ற பலகை ரொம்பக் கெட்டியா இருக்கு, மகாராசா. வர்றப்போ நீங்க முகம் சுளிச்சதப் பாத்தேன். ராயர் ஐயா லாயத்துல மெத்தை தைக்கிறவங்க இருக்காங்க. அவரையும் எங்களோட சேத்து விடுங்க" என்றாள் அவள். ராயருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து வண்டியின் மெத்தைகள் அவர் பொறுப்பு.

ஆசையாசையாகத்தான் செய்தார். ஆனால் பழக்கதோஷம், மெத்தைக்குள் லாயத்து வைக்கோலை அடைத்துவிட்டார். அடுத்த தேரோட்டத்துக்கு ராஜா வண்டியில் முன்னே போக, பட்டத்துக் குதிரை ஒருநாளும் இல்லாத பிரியத்தோடு பின்னாலேயே போயிற்று. கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது ராஜா பழையபடி வெறும் பலகையில்தான் உட்கார்ந்திருந்தார்.